புறக்காழும் மேற்படிவும்: நிக்கல் கலப்புலோகப் பரப்புக் கடினமாக்கத்தை முன்வைத்துக் கலைச்சொல்லாக்கம் குறித்துச் சில கருத்துகள்

தமிழில் அறிவியல் கலைச்சொல்லாக்கம் நூறாண்டைக் கடந்துவிட்டது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கிய காலம்முதல் நிகழ்ந்துவரும் விவாதங்களுள் பெரும்பாலானவை சொல்லின் பிறப்பைப் பற்றியனவாகவே அமைந்தன. வடசொல்லா, தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா என்பதே அவற்றின் வினா. ஒரு சொல் சுட்டவேண்டிய செயல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்துகொண்ட பின்னர்தான் அச்சொல் ஆக்கப்பெற்றதா என்னும் வினா அத்துணை அழுத்தமாக எழுப்பப்படவில்லை. இந்த இரண்டாவது வினாவே முதலில் எழவேண்டியது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இதனை நிறுவ ஒரு குறுகிய துறை இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. உயர் வெப்பநிலையிலும் அணு உலையிலும் பயன்படும் நிக்கல் கலப்புலோகங்களைக் கொண்டு கடினமான பரப்பை உண்டாக்குவதும், அக்கலப்புலோகங்களின் பரப்பையே கடினமாக்குவதும் அத்துறையின் பணி. தமிழாய்விதழில் இதற்கு என்ன இடம் என்று ஐயுறுவோர் உண்டு. இத்துறையில் இந்திய அளவில் நடந்த குறிப்பிடத்தக்க பணிகளுள் ஒன்று செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்பாக்கத்தில் நடந்தது. அதைத் தமிழில் பிழையின்றி விளக்க இன்று நம்மிடம் உள்ள சொற்கள் போதுமா என்பது தமிழ்த்துறைகள் எதிர்கொள்ளவேண்டிய வினாவே.

கோபால்ட்டை விலக்கிய தேர்வு

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் வெப்பத்தை ஏந்திச் செல்வது நீரன்று, உருகிய சோடியம். முதன்மைச் சுற்றில் அது ஏறத்தாழ 397 பாகை செல்சியசில் உலையின் உள்ளகத்துள் புகுந்து 547 பாகையில் வெளியேறும் வகையில் உலை வடிவமைக்கப்பட்டுள்ளது. சோடியத்துக்கு ஆக்சிஜன்மீது பெருவேட்கை உண்டு. காற்றில் இருக்கும் எஃகின்மேல் இயல்பாகப் படர்ந்திருக்கும் ஆக்சைடுப் படலம் அதற்கு ஒரு மெல்லிய கவசம். சோடியம் அக்கவசத்தைக் களைந்துவிடுகிறது. கவசமிழந்த இரண்டு உலோகப் பரப்புகள் உயர் வெப்பத்தில் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நெடுங்காலம் இருக்குமாயின் அவை தாமாகவே ஒட்டிக்கொள்ளக்கூடும். உராய்ந்தால் ஒன்றின் சதையை மற்றொன்று பிய்த்தெடுக்கும். ஆகவே எஃகு உறுப்புகளில் தொடுகை நிகழும் இடங்களுக்கு மட்டும் வேறொரு கடினமான கலப்புலோகத்தால் முகப்பு அமைப்பது வழக்கம்.

இப்பணிக்கு நெடுங்காலம் பெயர்பெற்றிருந்தது ஸ்டெல்லைட் எனப்படும் கோபால்ட் கலப்புலோகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான எல்வுட் ஹேன்ஸ் அதனை உருவாக்கினார். விண்மீனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. வெப்பத்திலும் கடினம் குறையாத பொருள் அது. ஆயின் இயற்கைக் கோபால்ட் முழுவதும் கோபால்ட்-59 என்னும் ஒரே ஓரிடத்தான். நியூட்ரானை ஏற்றால் அது கோபால்ட்-60 ஆகிறது. அதன் அரைவாழ்வு 5.27 ஆண்டு, அது உமிழும் காமாக் கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். நீர் குளிர்விக்கும் உலைகளில் அடைப்பிதழ்களின் ஸ்டெல்லைட் முகப்பிலிருந்து தேய்ந்த துகள்கள் நீரோடு உள்ளகத்துக்குச் சென்று கதிரியக்கம் பெற்றுத் திரும்பிக் குழாய்களில் படிவது நெடுநாளாக அறியப்பட்ட தொல்லை. பழுதுபார்க்க இறங்கும் தொழிலாளி அவ்விடத்தில் பெறும் கதிரளவை அது கூட்டுகிறது. உலையை மூடிப் பிரிக்கும் காலத்திலும் அதன் சுமை தொடர்கிறது.

எனவே முன்மாதிரி வேக ஈனுலைக்குக் கோபால்ட்டை விலக்கி, குரோமியம், போரான், சிலிக்கான் கலந்த நிக்கல் கலப்புலோகமாகிய கால்மோனாய் தேர்ந்துகொள்ளப்பட்டது. பராமரிப்பின்போதும் உலையைக் கலைக்கும்போதும் மனிதர் பெறும் கதிரளவைக் குறைப்பதே இத்தேர்வின் அடிப்படை. நிக்கலும் முற்றிலும் குற்றமற்றதன்று. நிக்கல்-58 வேக நியூட்ரானால் கோபால்ட்-58 ஆக மாறுகிறது. ஆயின் அதன் அரைவாழ்வு 71 நாள் அளவே. இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்காகிய போரான்-10 நியூட்ரானை விழுங்கி ஹீலியமும் லித்தியமும் ஆகும் என்பதால் இக்கலப்புலோகத்தை உலையின் எவ்விடத்தில் வைக்கலாம் என்பதும் எண்ணிப் பார்க்கவேண்டியதே. ஐந்தாண்டுக்கும் எழுபது நாளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு தொழிலாளியின் உடல்மீது விழும் வேறுபாடு. இதனை அத்தொழிலாளியின் மொழியில் சொல்ல இயலவேண்டும்.

இரும்பு குடித்த நீர்

பரப்பைக் கடினமாக்குதல் என்றவுடன் தமிழர் நினைவில் முதலில் எழுவது கொல்லன் உலைக்களம். காய்ச்சிய அரிவாளின் வாயை நீரில் அமிழ்த்தும் செயலுக்குத் தோய்ச்சல் என்று பெயர் வழங்கியது. இச்செயல் நமக்கு எவ்வளவு பழையது என்பதற்குப் புறநானூற்றின் 21ஆம் பாட்டு சான்று. கானப்பேரெயிலை உக்கிரப்பெருவழுதி கைப்பற்றிய பின் அதனை மீட்பது, கொல்லன் தீயிலிட்டுச் சிவக்கவைத்த இரும்பு குடித்துவிட்ட நீரை மீட்பதினும் அரிது என்று பகைவன் வருந்துவதாக ஐயூர் மூலங்கிழார் பாடுகிறார். இரும்பு நீரைக் குடிப்பதாகச் சொன்ன அந்நோக்கு, பட்டறையின் அருகில் நின்று பார்த்தவரின் நோக்கு.

இவ்வளவு வளமான மரபு கையில் இருக்கும்போது, கடினமாக்கம் என்னும் பொருண்மைக்கு எல்லா இடத்தும் தோய்ச்சலையே ஆளலாமே என்னும் ஆசை எழுவது இயல்பு. ஆயின் நிக்கல் இவ்வாசைக்கு இடங்கொடுப்பதில்லை. எஃகு தோய்ச்சலில் கடினமாவதற்குக் காரணம், சூட்டில் ஒருவகையாக அடுக்கப்பட்டிருந்த இரும்பணுக்கள் திடீர்க் குளிர்ச்சியில் கார்பனைச் சிறைப்பிடித்துக்கொண்டு வேறு அடுக்குக்கு மாற முயன்று திரிபுறுவது. நிக்கலின் அணுவடுக்கு சூட்டிலும் குளிரிலும் மாறுவதில்லை. அதனை எத்தனைமுறை தோய்த்தாலும் எஃகைப் போல் இறுகாது. இன்கோனல் 718 போன்ற கலப்புலோகத்தை மிகு வெப்பத்தில் வைத்து விரைந்து குளிர்வித்தால் அது மென்மையாகிறது. பின்னர் ஏறத்தாழ 720 பாகையிலும் 620 பாகையிலும் மணிக்கணக்கில் வைத்திருந்தால்தான், நயோபியம் முதலியன நிக்கலோடு சேர்ந்து நுண்துகள்களாகப் பிரிந்து அதனை வலுப்படுத்துகின்றன. தோய்த்தால் மென்மை, ஆறப்போட்டுக் காத்திருந்தால் வன்மை. எஃகில் வளர்ந்த சொல்லை நிக்கலுக்கு மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும்.

இக்காத்திருப்புக்கு ஆங்கிலத்தில் அகவை கூடுதலைக் குறிக்கும் சொல் வழங்குகிறது. அதனை அப்படியே மூப்பு என்று பெயர்ப்பது பொருந்தாது. தமிழில் மூப்பு தளர்ச்சியோடு சேர்ந்த சொல். முதிர்வு என்பதே இங்குச் செம்மையாகப் பொருந்துகிறது. கதிர் முதிர்வதும் காய் முதிர்வதும் நன்மைக்கே. அளவு கடந்து முதிர்ந்தால் கெடும் என்னும் உண்மையும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளது. நிக்கல் கலப்புலோகத்திலும் அதுவே நிகழ்கிறது: துகள்கள் அளவுக்கு மீறிப் பெருத்தால் வலிமை குன்றும்.

புறக்காழ் என்னும் பழஞ்சொல்

தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இருவகையாகப் பகுக்கிறது. புறத்தே வயிரம் உடையது புல். அகத்தே வயிரம் உடையது மரம். பனையும் தெங்கும் மூங்கிலும் இவ்வகையில் புல்லினத்தைச் சாரும். பனையின் குறுக்குவெட்டைப் பார்த்தவர் இப்பகுப்பின் நுட்பத்தை உணர்வர். வெளிச்சுற்று கோடரியை மழுக்கும், நடுவோ சோறு. காற்றில் வளையவும் வேண்டும், தேயாமலும் இருக்கவேண்டும் என்னும் இரண்டு தேவைகளுக்கு இயற்கை கண்ட விடை அது. பல்சக்கரத்துக்கும் சுழல்தண்டுக்கும் பொறியாளர் கண்ட விடையும் அதுவே.

ஆகவே பரப்புக் கடினமாக்கத்தால் விளையும் அமைப்பைப் புறக்காழ் என்றே வழங்கலாம் என்பது கவர்ச்சியான கருத்து. இதனை நான் ஒரு வரையறையோடு ஏற்கிறேன். பனையின் புறக்காழ் வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று; அதே உடல் புறத்தே இறுகியது. எனவே அதே உலோகத்தின் புறப்பகுதி மாற்றமடைந்து கடினமாகும் முறைகளுக்கே இச்சொல் உரியது. நைட்ரஜனையோ கார்பனையோ போரானையோ பரப்பின் வழியாக உள்ளே செலுத்தும் முறைகள் இவ்வகையின. இவற்றை ஊட்டல் என்னும் வினையால் குறிக்கலாம்: நைட்ரஜன் ஊட்டல், போரான் ஊட்டல். நுண்குண்டுகளை வேகமாக மோதச்செய்து பரப்பை இறுக்கும் முறையும் புறக்காழை உண்டாக்குவதே. நிக்கல் கலப்புலோகங்கள் அடிபட அடிபட விரைந்து இறுகும் இயல்பின; கடைசல் பட்டறையில் அவற்றை அறுப்பவர் உளியை அடிக்கடி தீட்ட நேர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நைட்ரஜன் ஊட்டலிலும் நிக்கல் எஃகைப் போல் எளிதில் இணங்குவதில்லை. நிக்கலில் நைட்ரஜனின் கரைதிறன் மிகக் குறைவு. கலப்புலோகத்தில் உள்ள குரோமியமே நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது. வெப்பம் மிகுந்தால் குரோமியம் நைட்ரைடாகப் பிரிந்துவிட, அரிப்பைத் தடுக்க எஞ்சும் குரோமியம் குறைகிறது. புறம் கடினமாகிறது, ஆனால் அரிப்புக்கு ஆளாகிறது. எதற்காக நிக்கல் கலப்புலோகம் தேர்ந்துகொள்ளப்பட்டதோ அந்த நோக்கமே பழுதாகலாம்.

அலுமினியம் ஊட்டல் வேறு நோக்கினது. விசைச்சுழலிகளின் நிக்கல் அலகுகளை அலுமினியச் சேர்மங்கள் கலந்த பொடியில் புதைத்துச் சூடேற்றினால் புறத்தே நிக்கல் அலுமினைடு உண்டாகிறது. அங்கே வேண்டப்படுவது கடினமன்று, ஆக்சிஜனேற்றத்துக்குத் தாங்குதிறன். இதனையும் பரப்புக் கடினமாக்கம் என்னும் தலைப்பில் அடைப்பது தவறு. பொடியில் புதைத்துச் சூடேற்றும் இம்முறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பழம்பெயர் சிமெண்டை நினைவூட்டுவது. அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் கட்டடத்தொழிலுக்குள் போய்விடும் அபாயம் அதில் உண்டு.

பூச்சு அன்று, படிவு

கல்பாக்கத்துத் தேர்வாகிய கால்மோனாய் முகப்பு மேற்கூறிய எவற்றிலும் அடங்காது. அது ஊட்டல் அன்று. எனவே புறக்காழும் அன்று. அதனை மேற்பூச்சு என்று எழுதிவிடுவது எளிது. இவ்வெளிமையையே நான் மறுக்கிறேன். பூசுதல் என்னும் வினை தமிழில் சாந்துக்கும் சுண்ணாம்புக்கும் ஈயத்துக்கும் உரியது. பூசியது உதிரலாம், உரியலாம், மறுபடி பூசலாம். உருகாத அடிப்பரப்பின்மேல் குரோமியம் கார்பைடுத் துகள்களைச் சூடாக்கி வேகமாகத் தெளிக்கும் முறைக்குப் பூச்சு என்னும் சொல் முற்றிலும் பொருந்தும். அங்கே துகள்கள் கரடுமுரடான பரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கின்றனவே தவிர அதனோடு உருகிக் கலப்பதில்லை.

கால்மோனாயோ வில்லின் வெப்பத்தில் உருகி, அடியில் உள்ள துருவேறா எஃகின் மேற்புறத்தையும் சிறிது உருக்கி, இரண்டும் கலந்து உறைகிறது. அது பற்றவைப்பு. இடையே பிரிகோடு உண்டு. ஆயின் அது பூச்சுக்கும் சுவருக்கும் உள்ள பிரிகோடு போன்றதன்று. இதற்குப் பற்றவைப்புக் கடினப்படிவு என்னும் சொல்லை முன்மொழிகிறேன். சுருக்கம் வேண்டுமிடத்துக் கடினப்படிவு போதும். முகம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைப் பின்பற்றிக் கடினமுகம் என்றால், தமிழில் அது சினந்த ஒருவரின் தோற்றத்தையே முன்னிறுத்தும்.

இவ்விடத்தில் மிகப் பெரிய இடர் விளைக்கும் சொல் வேறொன்று. உருகிய அடி எஃகு படிவில் கலக்கும் அளவே படிவின் கடினத்தைத் தீர்மானிக்கிறது. கால்மோனாய்க்குக் கடினத்தைத் தருபவை நிக்கல் அடித்தளத்தில் விரவியிருக்கும் குரோமியத்தின் போரைடுகளும் கார்பைடுகளும். கீழிருந்து இரும்பு மிகுதியாகக் கலந்தால் அத்துகள்களின் பங்கு குறைந்து கடினம் இறங்கும். முதல் அடுக்கில் இது மிகுதி. மேலே செல்லச்செல்லக் குறையும். சாதாரண டங்ஸ்டன் வில்முறையைவிடப் பிளாஸ்மா வில்முறை விரும்பப்பட்டதற்குக் காரணம், அம்முறையில் இக்கலப்பைப் பத்து விழுக்காட்டை ஒட்டிக் கட்டுப்படுத்த இயல்வதே. இக்கலப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், வேதியியலில் அமிலத்தோடு நீரைச் சேர்த்துச் செறிவைக் குறைப்பதற்கு வழங்கும் அதே சொல். வேதியியல் தமிழில் அது நீர்த்தல். உருகிய உலோகக் குட்டையில் நீர்த்தல் என்று எழுதினால், பற்றவைப்பில் ஈரம் எத்தகைய கேடு என்பதை அறிந்த தொழிலாளி திகைப்பார். அடிக்கலப்பு என்பது இதற்குத் தகும். எங்கிருந்து எது கலக்கிறது என்பதையும் அது உடன் சொல்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: வெல்டிங் என்பதையே வழங்கும் தொழிலாளிக்கு அடிக்கலப்பு எதற்கு? நிக்கல், கால்மோனாய், இன்கோனல் ஆகிய பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே நான் ஆண்டுள்ளேன். அதில் எனக்குத் தயக்கமில்லை. செம்பைத் தராமல் ஏமாற்றிய கனிமத்துக்கு ஜெர்மானியச் சுரங்கத்தார் குறும்புப் பேயின் பெயரை இட்டனர். 1751இல் அதிலிருந்து தனிமத்தைப் பிரித்த குரோன்ஸ்டெட் அப்பெயரைச் சுருக்கி நிக்கல் என்றார். அதைத் தமிழாக்கி யாருக்கும் பயனில்லை. ஆயின் பெயர் வேறு, வினை வேறு. பிறமொழி வினை தமிழுக்குள் வரும்போது ‘செய்’, ‘பண்ணு’ என்னும் துணையோடுதான் வருகிறது. அப்போது தமிழ் வினையின் ஓர் அரிய ஆற்றலை நாம் இழக்கிறோம்.

ஆதலும் ஆக்கலும்

அவ்வாற்றல் தன்வினை, பிறவினைப் பாகுபாடு. உருகு–உருக்கு, இறுகு–இறுக்கு, படி–படிவி, முதிர்–முதிர்வி என்று ஓர் எழுத்தாலோ விகுதியாலோ பொருள் தானே மாறியதா, மாற்றப்பட்டதா என்பதைத் தமிழ் தெரிவித்துவிடும். எஃகைக் குறிக்கும் உருக்கு என்னும் சொல்லே பிறவினையிலிருந்து பிறந்தது.

அணு உலையில் இப்பாகுபாடு இன்றியமையாதது. வேக நியூட்ரான்கள் உலோகத்தின் அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து பெயர்க்கின்றன. விளைந்த குறைகள் உலோகத்தை இறுக்குகின்றன. இறுகிய உலோகம் நெகிழ்வை இழந்து நொறுங்கத் தலைப்படுகிறது. நிக்கல் மிகுந்த கலப்புலோகத்தில் நிக்கல்-58 நியூட்ரானை ஏற்று நிக்கல்-59 ஆகி, அது மீண்டும் நியூட்ரானை ஏற்று ஹீலியத்தை உமிழும். அவ்வளிமம் உயர் வெப்பத்தில் படிக எல்லைகளில் சேர்ந்து நொறுங்குதன்மையை மேலும் கூட்டும். இவ்விறுக்கத்தை எவரும் விரும்பிச் செய்யவில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் வேண்டிச் செய்யும் பரப்புக் கடினமாக்கத்துக்கும் வேண்டாமல் வரும் இக்கேட்டுக்கும் ஒரே சொல்லே பின்னொட்டாக நிற்கிறது. கதிர்வீச்சைத் தாங்குமாறு மின்னணுக் கருவிகளை அமைப்பதற்கும் அதே தொடர் வழங்குகிறது. ஆங்கிலம் படிப்பவர் சூழலைக் கொண்டு பொருளைப் பிரித்தறிகிறார். தமிழில் எழுதுவோரும் அச்சுமையைப் படிப்பவர்மேல் ஏற்றவேண்டியதில்லை.

தமிழில் முன்னதைக் கடினமாக்கல் என்றும் பின்னதைக் கடினமாதல் என்றும் எழுதினால் போதும். கதிர்வீச்சால் கடினமாதல் கேடு. கடினப்படிவால் கடினமாக்கல் காப்பு. மின்னணுக் கருவியைக் கதிர் தாங்குமாறு அமைத்தல் வேறொரு செயல். இவ்வளவு தெளிவு இலக்கணத்திலேயே கிடைக்கும்போது, கடினப்படுத்துகை என்று எல்லாவற்றையும் ஒரே தொழிற்பெயரில் அடக்குவது நம் மொழியின் வளத்தை நாமே மறைப்பதாகும். தொழிற்பெயர்களை மட்டும் அகரவரிசையில் அடுக்கும் கலைச்சொல் தொகுப்புகளின் அமைப்பே இக்குறைக்கு இடந்தருகிறது. வினையடியைத் தலைச்சொல்லாக வைத்து, அதன்கீழ்த் தன்வினை, பிறவினை வடிவங்களையும், யார் எதனை எதன்மேல் செய்கிறார் என்னும் ஒரு தொடரையும் தரும் பதிவுமுறையைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளவேண்டும். அதற்கு இலக்கண ஆய்வாளரும் உலோகவியலாரும் பற்றவைப்பாளரும் ஒரே மேசையில் அமரவேண்டும். மூவருள் மூன்றாமவரை இதுவரை பெரும்பாலும் அழைக்கவில்லை.

கடினம் என்னும் அடிச்சொல்லே இன்னும் தீராத சிக்கல். பள்ளிப் பாடத்தில் அது சவர்க்காரம் நுரைக்காத நீருக்கும் உரியது. பேச்சில் அது அருமைப்பாட்டைக் குறிக்கும். கனநீர் பயன்படும் உலைகளும் இயங்கும் கல்பாக்கத்தில் கடினநீர், கனநீர், கடினப்பரப்பு மூன்றும் ஒரே பக்கத்தில் வர நேரும். கீறலையும் குழிவையும் எதிர்க்கும் பண்புக்குக் கடினம், சுமை தாங்கும் பண்புக்கு வலிமை என்பவை ஓரளவு நிலைபெற்றுவிட்டன. விரிசல் ஓடாமல் தடுக்கும் மூன்றாவது பண்புக்கு ஒருமித்த சொல் இல்லை. கடினப்படிவு குளிரும்போது வெடிக்காதிருக்க முன்கூட்டியே சூடேற்றி மெல்ல ஆறவிடுவது ஏன் என்பதை விளக்க அச்சொல்தான் வேண்டும். உரம் என்பதை ஆளலாம் என்று தோன்றுகிறது. வயல் உரத்தோடு அது குழம்பும் என்பர். சூழல் அதனைப் பிரித்துக் காட்டிவிடும் என்று நான் கருதுகிறேன். மாற்றுச் சொல் உடையோர் அதனை இவ்விதழில் முன்வைத்தால் பட்டறையில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.